காப்பியின் ரகத்தையும் விளைந்த மண்ணையும் நாவால் அறிவது எப்படி

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் கிடைக்கும் பால் சேர்க்காத கோப்பி-ஓவை வைத்து, ரகத்தையும் மண்ணையும் நாவால் பிரித்தறியும் சோதனையைச் செய்ய முடியாது. பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பதால், அந்த வறுவலின் சுவையே முன்னுக்கு வந்துவிடுகிறது. தேக்காவில் வாங்கும் ஃபில்டர் காப்பித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அதற்கும் இதே நிலைதான். இரண்டையும் நான் விரும்பிக் குடிப்பவன். ஆயினும் இங்கே தேவைப்படுவது எதுவும் கலக்காமல் மிதமாக வறுத்த கொட்டை.

பொட்டலத்தில் முதலில் இனத்தை, அதாவது அராபிகாவா ரோபஸ்டாவா என்பதைப் பாருங்கள். அராபிகாவில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு, ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 விழுக்காடு. கசப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான குளோரோஜெனிக் அமிலங்களும் ரோபஸ்டாவில் அதிகம். வறுக்கும்போது மணத்துக்கு அடிப்படையாகும் சர்க்கரையும், கொழுப்பும் குறைவு. எவ்வளவு உயரமான மலையில் விளைந்தாலும் இந்த இடைவெளி முழுதாக நிரம்பிவிடாது.

அடுத்து, இனத்துக்குள் வரும் ரகத்தையும் செடி விளைந்த உயரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். எத்தியோப்பியாவைப் பூர்வீகமாகக் கொண்ட கெய்ஷா ரகம், இலைத்துரு நோயைத் தாங்கும் என்ற எதிர்பார்ப்பில் பனாமாவுக்குச் சென்று, பல்லாண்டுகள் மற்ற ரகங்களோடு கலந்தே அறுவடையானது. எஸ்மரால்டா தோட்டத்தார் மேட்டுப் பகுதியின் விளைச்சலைத் தனியே பிரித்துச் சுவைத்தபோதுதான் அதன் மல்லிகை மணம் வெளிப்பட்டது. 2004இல் அது பனாமாவின் காப்பிப் போட்டியில் வென்றது. மணத்துக்கான மரபு அந்தச் செடியில் முன்பே இருந்தது. அது வெளிப்பட மேட்டின் குளிர் தேவைப்பட்டது.

காரணம் எளியது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். குளிர்ச்சியில் பழம் மெதுவாகப் பழுக்க, கொட்டை நன்கு நிறைந்து இறுகும். நிழல் மரங்களும் ஓரளவு இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் உயர எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்: நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய சிக்மகளூரில் 1,200 மீட்டரில் கிடைக்கும் குளிர்ச்சிக்கு, நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கும்.

இனி வீட்டில் சோதிக்கலாம். இரண்டு இணைகளை வாங்குங்கள்: குடகில் விளைந்த அராபிகாவும் ரோபஸ்டாவும் ஓர் இணை, எஸ்.795 என்ற இந்திய அராபிகாவைப் போன்ற ஒரே ரகத்தில் வெவ்வேறு உயரத்தில் விளைந்த இரண்டு மற்றோர் இணை. முன்னது மரபையும் பின்னது சூழலையும் காட்டும். ஒவ்வோர் இணையிலும் பழத்தைப் பதப்படுத்திய முறையும் வறுவலும் ஒன்றாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சுவை மாறியதற்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் இணை எளிதில் அகப்படாது. வறுத்து விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள்.

150 மில்லிலிட்டர் கிண்ணத்துக்கு 8.25 கிராம் என்ற அளவில் கொரகொரப்பாக அரைத்து, 93 பாகை வெந்நீரை ஊற்றி, 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்குங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். சூட்டில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். வெதுவெதுப்பாக ஆறிய பின், எந்தக் கிண்ணம் எது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லி, மீண்டும் சுவையுங்கள்.