வேல மரத்தை மருந்துக்கும் மண்ணுக்கும் எப்படி பயன்படுத்துறது

வேல மரம்னு சொன்னதும் பலபேர் முகத்தை சுளிக்கிறாங்க, அதுக்குக் காரணம் சீமைக்கருவேலம். அது வேற மரம், அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, வேல மர இனத்துலயே சேராது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாம பட்டை உரிக்கவும் கூடாது, மரம் வெட்டவும் கூடாது, அதனால அடையாளத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

பூவைப் பாருங்க. நம்ம ஊர் வேல மரமான கருவேலத்துக்கு பூ மஞ்சள் நிறத்துல குட்டிப் பந்து மாதிரி உருண்டையா, வாசனையா இருக்கும். சீமைக்கருவேலத்துக்கு பூ விரல் நீளத்துக்கு கதிர் மாதிரி தொங்கும். காய்ல இன்னும் தெளிவா தெரியும், கருவேலங்காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவுல இடுப்பு ஒடுங்கி, மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், சீமைக்கருவேலங்காய் பழுத்தா மஞ்சளா, தடிப்பா, கடிச்சா இனிக்கும். பூ காய் இல்லாத நேரத்துல இலையை எடுத்து எண்ணுங்க, கருவேலத்துல நடுக்காம்புல இருந்து மூணு ஜோடிக்கு மேல கிளைக்காம்பு பிரியும், சீமைல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு ஜோடிதான். பட்டை வெளுத்து இருந்தா அது வெள்வேல், அதுவும் நல்ல மரம்தான்.

நெட்ல தேடுறவங்களுக்கு ஒண்ணு: 2005ல வியன்னால நடந்த தாவரவியல் மாநாட்டுல, வேல மரங்களுக்கு இருந்த அகேசியாங்கிற அறிவியல் பேரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுட்டாங்க, அதனால கருவேலம் இப்போ வச்செல்லியா நிலோட்டிகா, அரபிக் கம்ங்கிற பிசினைத் தர்ற ஆப்பிரிக்க வேல மரம் செனகேலியா செனகல். பழைய புத்தகத்துல அகேசியான்னே இருக்கும், ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்க. அதே மாதிரி ஐரோப்பால அகேசியா தேன்னு விக்கிறது ரோபினியாங்கிற வேற மரத்தோட தேன். தேன் நல்ல தேன்தான், ஆனா ரோபினியாவோட பட்டையும் விதையும் விஷம், அகேசியான்னு பேரு ஒட்டியிருக்கேன்னு நம்பி அதைக் கஷாயம் வெச்சுறாதீங்க.

இப்போ பட்டை. கருவேலம் பட்டைல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் அதிகம், அந்தத் துவர்ப்புதான் அதோட மருந்து, தசையை இறுக்கிப் பிடிக்கும், ஈறுல லேசா ரத்தம் கசியறதுக்கும் வாய்ப்புண்ணுக்கும் கொப்பளிக்க ரொம்ப நல்லா இருக்கும். ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மா சொல்லி வெக்கல.

பட்டையை அடிமரத்துல எடுக்காதீங்க, தயவுசெஞ்சு. சுத்தி வர உரிச்சா இலைல தயாராகுற சாப்பாடு வேருக்கு இறங்காம மரமே செத்துப்போகும். கவாத்து பண்ணும்போது எப்படியும் கீழ விழுற கிளைல கட்டைவிரல் தடிமனுக்கு மேல உள்ளதை எடுத்து, வெளிப்பக்கம் இருக்கற அழுக்கு பொருக்கை சுரண்டிட்டு, உள்பட்டையை நீள நீளமா உரிச்சு நிழல்ல காய வைங்க. ஒடிச்சா டப்புன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், அப்படியே டப்பால போட்டா பூஞ்சை புடிச்சிடும். மருந்து அடிச்ச வயலோரம், மெயின் ரோட்டோரம் நிக்கிற மரத்துல எடுக்க வேண்டாம்.

காஞ்ச பட்டையை ஒண்ணிரண்டா இடிச்சு, 10 கிராம் போட்டு 400 மில்லி தண்ணி ஊத்தி சின்ன தீயில பாதியா சுண்ட விடுங்க. செம்மண் கரைச்ச கலர் வந்து, நாக்குல தொட்டா வாய் இழுத்துப் பிடிக்கும், அதுதான் பதம். இரும்புச் சட்டி வேண்டாம், டானின் இரும்போட சேந்தா கருப்பாயிடும், எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். வடிகட்டி ஆற வெச்சு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கொப்பளிச்சுத் துப்பிடுங்க, முழுங்க வேண்டாம், மிச்சத்தை மறுநாளைக்கு வெக்கவும் வேண்டாம். ஒரு வாரத்துல ஈறு சரியாகலன்னா, இல்ல வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தா பல் டாக்டர்கிட்ட போயிடுங்க, அது கொப்பளிச்சுத் தீர்ற விஷயம் இல்ல.

வயித்துப்போக்குக்கு கொழுந்தும் பட்டைக் கஷாயமும் சித்த வைத்தியத்துல ரொம்ப காலமா குடுக்குறாங்கதான், ஆனா பேதில ஆளைச் சாய்க்கிறது உடம்புல தண்ணியும் உப்பும் குறையறது, அதனால முதல்ல ஓஆர்எஸ், அப்புறம்தான் மத்ததெல்லாம். குழந்தைக்கு, கர்ப்பிணிக்கு வீட்டுல நீங்களா கஷாயம் குடுக்கவே குடுக்காதீங்க. டானின் இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாம தடுக்கும், ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க கண்டிப்பா தள்ளி இருக்கணும், மலச்சிக்கல் உள்ளவங்களும்தான்.

அடுத்தது பிசின், எனக்கு இந்த மரத்துல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான். உலகம் பூரா குளிர்பானம், மிட்டாய், மாத்திரைன்னு போற அரபிக் கம் பெரும்பாலும் சூடான்ல இருந்து வருது, பாக்கெட்ல 414ன்னு நம்பர் போட்டிருந்தா அது இதான். 1997ல அமெரிக்கா சூடான் மேல வர்த்தகத் தடை போட்டப்போகூட இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்கு குடுத்தாங்கன்னா இதோட தேவையை நீங்களே புரிஞ்சுக்கலாம். மழை முடிஞ்சு வறட்சி தொடங்குறப்போ கிளைல மேல்பட்டையை மட்டும் சின்னதா கீறி உரிச்சு விடுவாங்க, உள்ள கட்டையைத் தொடமாட்டாங்க, சில வாரத்துல காயத்துல பிசின் கசிஞ்சு உருண்டை கட்டி நிக்கும், அதைப் பொறுக்கிக்குவாங்க. கருவேலத்துல கீறாமலே வெயில் காலத்துல தானா கசியறதைப் பொறுக்கினாலே வீட்டுக்குப் போதும்.

வாங்குற பிசின் நிஜமானதான்னு பாக்க ஒரு வழி இருக்கு, கோலி அளவு துண்டை ஒரு டம்ளர் தண்ணில ராத்திரி போட்டு வைங்க, காலைல உருண்டையே இல்லாம கரைஞ்சு தண்ணி லேசா பிசுபிசுன்னு இருந்தா வேலம்பிசின். டம்ளர் நிறைய ஜெல்லி மாதிரி ஊதி நின்னா அது பாதாம் பிசின் மாதிரி வேற ஏதோ. வேலம்பிசின் கரையிற நார்ச்சத்து, சிறுகுடல்ல செரிக்காது, பெருங்குடல்ல உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு சாப்பாடா போகும். அரை டீஸ்பூன் பொடியை தண்ணில கரைச்சுக் குடிக்க ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க, எடுத்தவுடனே நிறைய குடிச்சா வயிறு உப்பி வாயு தொல்லை குடுக்கும். வறட்டு இருமலுக்கு சின்னத் துண்டை வாயில அடக்கிக்கிட்டா தொண்டைக்கு இதமா இருக்கும். சிலருக்கு அலர்ஜி ஆகும், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

உடம்பு இளைக்க அகேசியா ரிஜிடுலா கேப்சூல்னு ஆன்லைன்ல வந்தா தொடாதீங்க. 2015ல அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தப் பேர்ல விக்கிற சில கம்பெனிகளுக்கு எச்சரிக்கை அனுப்புச்சு, உள்ள மரத்துக்கு சம்பந்தமே இல்லாத ஊக்க ரசாயனம் இருந்துச்சு.

மருந்தைவிட பெரிய விஷயம், என்னைக் கேட்டா, இந்த மரம் உயிரோட நிக்கும்போது மண்ணுக்குப் பண்றதுதான். பட்டாணி, உளுந்து குடும்பம்தான் இதுவும், வேர்ல முடிச்சு போட்டு அதுக்குள்ள பாக்டீரியாவைக் குடி வெச்சு காத்துல உள்ள நைட்ரஜனைப் புடிச்சுக்கும். கன்னு வளக்கும்போது ஒரு முடிச்சை நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா நடக்கல. அந்த பாக்டீரியா கன்னுக்குக் கிடைக்கத்தான் நாற்றுக் கலவைல பழைய வேல மரத்தடி மண்ணு ஒரு கைப்பிடி சேக்கச் சொல்றது.

விதைத்தோல் கல்லு மாதிரி, அப்படியே போட்டா மாசக்கணக்கா கிடக்கும். தண்ணியைக் கொதிக்க வெச்சு அடுப்புல இருந்து இறக்கி விதை மேல ஊத்தி, அப்படியே ஆறி ஒரு நாள் ஊற விடுங்க, ஊதினதை விதைச்சு, ஊதாததை மறுபடி வெந்நீர்ல போடுங்க. ஆணிவேர் வேகமா இறங்கும், உயரமான பையா எடுங்க, பைக்கடியில வேர் சுருள்றதுக்கு முன்னாடி மழையோட நட்டுடுங்க. நைஜர் நாட்டுல தெனேரேங்கிற பாலைவனத்துல தனியா நின்ன ஒரு வேல மரத்துக்குப் பக்கத்துல 1930கள் கடைசியில கிணறு தோண்டினப்போ அதோட வேர் முப்பது மீட்டருக்கும் கீழ தண்ணியைத் தொட்டிருந்துச்சு, அந்த மரத்தை 1973ல ஒரு லாரி இடிச்சு சாச்சிருச்சு, படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாகும்.

கருவேலம் உப்பு மண்ணையும் கொஞ்ச நாள் தண்ணி தேங்கறதையும் தாங்கும், அதனால குளக்கரை, களர் நிலத்துக்கு சரியான மரம். வரப்புல வெச்சா நிழல்ல பயிர் வாடும், பக்கக் கிளையை வருஷா வருஷம் கழிச்சு விடுங்க. ஆப்பிரிக்கால ஃபைதர்பியா ஆல்பிடான்னு ஒண்ணு இருக்கு, முன்னாடி அகேசியா ஆல்பிடான்னு சொல்லுவாங்க, அது மழைக்காலத்துல இலையை உதுத்துட்டு கோடைல தழைக்கும், பயிருக்கு வெயில் வேணுங்கிறப்போ நிழலே விழாது, நைஜர், மாலாவி, ஜாம்பியால அதுக்கடியிலேயே கம்பும் மக்காச்சோளமும் விதைக்கிறாங்க.

ஆனா மரத்தோட சொந்த மண்ணுலதான் இதெல்லாம். கருவேலத்தையே ஆஸ்திரேலியாவுக்கு நிழலுக்கும் தீவனத்துக்கும்னு கொண்டுபோய் இப்போ குயின்ஸ்லாந்து புல்வெளியை அது மூடிக்கிட்டு இருக்கு, ஜாவால பலூரான் தேசியப் பூங்காவுல தீ பரவாம இருக்க நட்டது அங்க இருந்த சவானா புல்வெளியையே முழுங்கிடுச்சு. டானினுக்காக தென்னாப்பிரிக்கால வளத்த ஆஸ்திரேலிய வேலம் ஆத்துத் தண்ணியை உறிஞ்சுதுன்னு 1995ல இருந்து அரசாங்கமே வெட்டுற திட்டம் நடத்துது. உங்க பகுதில இயல்பா வளர்ற வேல வகை எதுன்னு வனத்துறை நாற்றங்கால்ல கேட்டு அதை மட்டும் நடுங்க. காய் தின்ன ஆடு மாட்டை வேல மரம் இல்லாத புல்வெளிக்கு ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது பட்டியில அடைச்சு வைங்க, சாணத்தோட வெளிய வர்ற விதை அங்கேயே விழுந்துடும், முளைச்சாலும் பிடுங்க ஒரே இடத்துல இருக்கும்.