நெடுநெடுவென வளரும் தக்காளி நாற்றை நம்பாதீர்கள்

முதல் முறை தக்காளி போட்டபோது ஒரு பழைய தட்டில் விதையைக் கைநிறைய அள்ளித் தூவினேன். நாற்றுகள் போட்டி போட்டு உயர்ந்தன, எனக்குப் பெருமை. மூன்றாவது வாரம் மண்ணை ஒட்டிய தண்டு நீர்கோத்து, நூலாக இளைத்து, பாதித் தட்டு சாய்ந்துவிட்டது. நாற்றழுகல். தேங்கிய ஈரம்தான் முதல் குற்றவாளி. ஆனால் நெருக்கத்தில் வளரும் செடிக்கு வேறொரு பலவீனமும் உண்டு.

இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைப் பெருமளவு வெளியே விட்டுவிடுகிறது. சுவர் நிழல் ஒளியின் அளவைத்தான் குறைக்கும். இலை நிழல் ஒளியின் தன்மையையே மாற்றிவிடும். செடியிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி இதைக் கொண்டு பக்கத்தில் போட்டியாளர் இருப்பதை அறிகிறது. உடனே தண்டு நீள்கிறது, ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் என்னும் செடியின் ஹார்மோன்கள் நடத்தும் தற்காப்பு தளர்கிறது. தொலைசிவப்பு மிகுந்தால் தக்காளி இலையில் சர்க்கரையும் கூடும். சாம்பல் பூசணம் என்னும் நோய்ப் பூஞ்சைக்கு அது விருந்து.

இனி வேலைக்கு வருவோம்.

1. 98 குழிகள் உள்ள நாற்றுத்தட்டில் மட்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரே விதை போடுங்கள். மிச்ச விதையைப் பார்த்து மனம் இளகக் கூடாது.

2. தட்டை மூடிவைத்திருந்தால், முளை தெரிந்த அன்றே அந்த மூடாக்கை எடுத்துவிட்டுக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும்.

3. தினமும் தட்டை மேலிருந்து பாருங்கள். பக்கத்து நாற்றின் இலைமேல் இலை ஏறத் தொடங்கினால் நடும் நேரம் நெருங்கிவிட்டது. பெரும்பாலும் 25 நாளில் நடலாம்.

4. தரையில் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி விடுங்கள். மாடியில் என்றால் தொட்டிக்கு ஒரு செடி. வளர வளரத் தொட்டிகளை நகர்த்திவையுங்கள்.

5. காலையில், வேரடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். மண்ணைத் தொடும் அடியிலைகளைக் கிள்ளிவிடுங்கள்; மண் தெறித்தும் இலைக்கருகல் நோய் ஏறுகிறது.

வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நச்சுயிரியை இதனால் தடுக்க முடியாது. அதற்கு ஈயைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். வெளிச்சம் நல்லதென்று எல்லா இலையையும் கழித்துவிடவும் வேண்டாம். குலைக்கு மேலே நிற்கும் இலைகள் போனால் வெயில் நேராக விழுந்து பழத்தோல் வெளுத்து வெந்துபோகும்.