உபுண்டு போட்டதும் விண்டோஸ் வரவில்லையா? ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் விண்டோஸ் லேப்டாப்பிலேயே உபுண்டுவும் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்டுப் பழகுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது ஒன்று தவறினாலும் அடுத்த முறை கறுப்புத் திரையில் ‘கிரப்’ (உபுண்டுவோடு வரும் பூட் புரோகிராம்) என்ற ஒற்றை வரியோ, நீலத் திரையோதான் வரும். கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் “ஃபார்மட் பண்ணிடலாம்” என்பார்கள். ப்ராஜெக்ட், குடும்ப ஃபோட்டோ எல்லாம் அதோடு போய்விடும். அவசரப்படாதீர்கள். பல நேரம் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும், பூட் ஆகும், அதாவது லேப்டாப் எழும் வழிதான் மாறியிருக்கும்.

முதலில் லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஆன் செய்ததும் பூட் மெனு கீயை விட்டு விட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வந்துவிட்டதா? அப்புறம் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய், பூட் வரிசையில் அதையே மேலே நகர்த்திச் சேமித்தால் போதும். உபுண்டு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய பகுதி) அழித்துவிட்டு கிரப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதே வழிதான்.

நீலத் திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வருகிறதா? உபுண்டு இன்ஸ்டாலில் டிஸ்க் தெரியவில்லை என்று, பயாஸில் டிஸ்க் இயங்கும் முறையை ஆர்எஸ்டி அல்லது ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ ஆக மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள், விண்டோஸ் எழுந்துவிடும். உபுண்டுவுக்கு ஏஎச்சிஐ வேண்டும் என்றால், முதலில் விண்டோஸில் அடுத்த பூட் சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை) வரும்படி வைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒரு தடவை எழுந்தபின் அந்த அமைப்பை எடுத்துவிடலாம். இந்த வரிசையை மாற்றினால்தான் வம்பு.

பயாஸைத் தொட்டதும் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம். பயப்படாதீர்கள். ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். பல எண்கள் இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்போவதை எடுங்கள். பயாஸைத் தொடுவதற்கு முன்பே அதைத் தாளில் எழுதிவைப்பது இன்னும் நல்லது.

எதுவும் சரிப்படவில்லையா? உபுண்டுவை இன்ஸ்டால் செய்யப் பயன்படுத்திய பென் டிரைவில் பூட் செய்து ‘ட்ரை உபுண்டு’ கொடுங்கள். இன்ஸ்டாலைத் தொடவே கூடாது. ஃபைல்ஸைத் திறந்து விண்டோஸ் டிரைவிலிருந்து வேண்டியதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, நாலைந்து ஃபைலைத் திறந்து சரிபாருங்கள். அதற்குப் பிறகு ஃபார்மட் செய்தாலும் பரவாயில்லை.