குறிப்பிட்ட எழுத்துகள் கொண்ட ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

இன்னின்ன எழுத்துகள் இருக்க வேண்டும், மொத்தம் ஐந்து எழுத்துகள்தான் என்ற நிபந்தனையோடு ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடும்போது, நம்மில் பலர் அந்த எழுத்துகளை முணுமுணுத்தபடி காதில் ஏதாவது சிக்குகிறதா என்று காத்திருக்கிறோம். தமிழில் எழுத்தும் ஒலிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே போவதால் இந்தப் பழக்கம் நமக்கு இயல்பாக வருகிறது. ஆங்கிலத்தில் அதுவே காலை வாரிவிடும். படிக்கட்டைக் குறிக்கும் ஸ்டேர், உற்றுநோக்குதலைக் குறிக்கும் ஸ்டேர் இரண்டும் ஒரே ஒலிதான், இரண்டுக்கும் ஐந்து எழுத்துகள்தான். ஆனால் முன்னது ஆர் எழுத்திலும் பின்னது ஈ எழுத்திலும் முடிகிறது. ஆகவே தேடலைக் காதிடம் விடாமல் கண்ணிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். இடம் உறுதியாகத் தெரிந்த எழுத்தை அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். சொல்லில் உண்டு, ஆனால் இந்த இடத்தில் இல்லை என்று தெரிந்த எழுத்தை அந்தக் கட்டத்துக்குக் கீழே சிறிதாக எழுதி அடித்துவிடுங்கள். சொல்லிலேயே இல்லாத எழுத்துகளை ஓரமாகத் தனியே குறித்து வையுங்கள். இவ்வளவையும் மனத்திலேயே வைத்துக்கொள்ள முயல்வதால்தான் பலருக்கு ஏற்கெனவே விலக்கிய எழுத்தே மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது.

அடுத்து உயிரெழுத்துகளை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏ, ஆர், ஈ ஆகிய மூன்றும் இருக்க வேண்டும், ஈ கடைசியில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஏ எழுத்தை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துங்கள். முதல் கட்டத்தில் வைத்தால் அரைஸ், ஆர்க்யூ, அக்ரீ போன்றவை கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் வைத்து ஆர் எழுத்தை அதன் பின்னே நிறுத்தினால் லார்ஜ், கார்வ், ஃபார்ஸ் வரும். முன்னே நிறுத்தினால் ரேஞ்ச், ரெய்ஸ் வரும். நான்காம் கட்டம் ஏறத்தாழ வீண், அங்கே நேரம் செலவிட வேண்டாம். அதிக விளைச்சல் தரும் இடம் நடுக்கட்டம்தான். அங்கே ஏ நின்று, நான்காவதாக ஆர் வந்தால் ஷேர், ஸ்கேர், ஸ்னேர், கிளேர் என்று ஒரு கூட்டம் அகப்படும். ஆர் இரண்டாவதாக வந்தால் இன்னும் பெரிய கூட்டம் கிடைக்கும்.

அந்த இரண்டாவது கூட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சொல்லின் தொடக்கத்தில் ஆர் எழுத்துக்கு முன்னால் வரும் மெய்யெழுத்துகள் மிகச் சிலவே: இரண்டு பி (B, P), இரண்டு டி (D, T), சி, எஃப், ஜி ஆகியவையே முக்கியமானவை. இவற்றில் ஜி எழுத்தை முதலில் வைத்து, காலியாக உள்ள நான்காம் கட்டத்தில் அகரவரிசைப்படி ஒவ்வொரு எழுத்தாக இட்டுப் பார்த்தால் அருள், தரம், திராட்சை, துருவுதல், கல்லறை, மேய்தல் ஆகிய பொருள்களைத் தரும் ஆறு சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். அருளுக்கும் மேய்தலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே எழுத்து: முன்னதில் சி, பின்னதில் இசட். தமிழில் எழுதினால் இரண்டும் கிரேஸ்தான். காதை நம்பித் தேடுபவர் இவற்றில் ஒன்றை நிச்சயம் தவறவிடுவார்.

ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021-இல் பொதுவெளிக்கு வந்து, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய, மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டில் ஆறு வாய்ப்புகள்தான் உண்டு. மேலே சொன்ன ஆறு சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் வாய்ப்புகள் கரைந்துவிடும். அப்போது கைதேர்ந்தவர் என்ற பொருளுள்ள அடெப்ட் என்ற சொல்லை இடுவது நல்லது. தரத்துக்குரிய டி, திராட்சைக்குரிய பி, துருவுதலுக்குரிய டி ஆகிய மூன்றையும் அது ஒரே அடியில் சோதித்துவிடுகிறது. கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்தடுத்த முயற்சிகளிலும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கடின முறையில் மட்டும் இதற்கு இடமில்லை.

எழுத்து எதுவுமே தெரியாத தொடக்க நிலையில் எதை முதலில் முயல்வது என்பதற்கு எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டின் பெட்டியே நல்ல வழிகாட்டி. அதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து வில்லைகளைப் பகிர்ந்தார். மொத்தமுள்ள 100 வில்லைகளில் ஈ எழுத்துக்கு 12, ஏ எழுத்துக்கும் ஐ எழுத்துக்கும் தலா 9. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஆகியவற்றுக்கு ஒன்றே ஒன்றுதான்.

ஒலிக்காத எழுத்துகளுக்கென்று ஒரு சுற்றுத் தேடல் தனியாக வேண்டும். கே எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடுபவருக்குக் கத்தி என்ற பொருளுள்ள நைஃப் எளிதில் நினைவுக்கு வராது. டபிள்யூ தேடுபவருக்கு எழுதுதலைக் குறிக்கும் ரைட் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ எதுவும் பொருந்தவில்லை என்றால் ஒய் எழுத்தை உயிரெழுத்தாக வைத்துப் பாருங்கள். நிம்ஃப், கிரிப்ட் ஆகியவை அப்படிப்பட்ட ஐந்தெழுத்துச் சொற்கள். எழுத்து இரட்டித்து வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நினைவாற்றல் தீர்ந்த பிறகு கருவியை நாடுவதில் தவறில்லை. வன்லுக் இணைய அகராதியில் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி இட்டுத் தேடலாம். நீளமான சொற்பட்டியல் கையில் இருந்தால், எக்செல் தாளில் ஒட்டி, எழுத்துகளை எண்ணித் தரும் லென் சார்பைக் கொண்டு ஐந்தெழுத்துச் சொற்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். பட்டியலை எடுப்பதற்கு முன் அது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்க எழுத்துக்கூட்டலா என்று பார்த்துவிடுங்கள்: நிறத்தைக் குறிக்கும் கலர் முன்னதில் ஆறெழுத்து, பின்னதில் ஐந்தெழுத்து.