நம்ம ஊர்ச் சூட்டுக்கு ராம் மீன்

நியான் டெட்ரா மீன் வாங்கிவிட்டு, தண்ணீர் சூடாகிறதே என்று தொட்டிக்கு மேல் விசிறி மாட்டிப் பாடுபடும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: சிங்கப்பூர்ச் சூட்டை விரும்புகிற மீனை வளருங்கள். ராம் என்று கடைகளில் விற்கும் சிக்லிட் இனக் குட்டி மீனுக்கு 28, 29 டிகிரிதான் சுகம். ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஹீட்டரும் இல்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் இல்லை. தொட்டி அந்த அளவிலேயே நிற்கிறது. ஏர்கான் ஓடும் படுக்கையறையில் மட்டும் வைக்காதீர்கள். இரவில் இறங்கிப் பகலில் ஏறும் சூடு இதற்கு ஆகவே ஆகாது.

இதன் பிறப்பிடம் வெனிசுவேலா, கொலம்பியா பக்கத்து ஓரினோக்கோ ஆற்றுப் படுகை. வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டர்தான். மஞ்சள் முகம், கண்ணுக்குக் குறுக்கே கருங்கோடு, உடலெங்கும் நீலப் பொட்டு. பெண்ணுக்கு வயிறு இளஞ்சிவப்பு.

ஒரு ஜோடிக்கு இரண்டடித் தொட்டி போதும். ஆனால் புதுத் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். ராம் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அந்த நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கடைக்கே போக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஊர்ப் பழக்கத்தை நம்பக் கூடாது. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்று எங்கள் அப்பா சொல்வார். இங்கே குழாயில் வருவது குளோராமைன். அது அப்படிப் போகாது. ஒவ்வொரு முறையும் அதை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து ஊற்றியே ஆக வேண்டும். இதன் பூர்வீகத் தண்ணீர் மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது. அதற்காக நான் கெத்தாப்பாங் என்னும் நாட்டு வாதுமை மரத்தின் சருகு இரண்டைக் கழுவிப் போடுகிறேன். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

அடியில் மெல்லிய மணல் போடுங்கள். வாயால் அள்ளிச் சலித்து இரை தேடுவது இதன் பிறவிக் குணம். கூரான கல் பரப்பி அதைக் கெடுப்பது எனக்குப் பொறுக்காது. கூட வைக்கக் கார்டினல் டெட்ரா நல்லது, அதுவும் சூடு தாங்கும்.

செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் கடைகளுக்குப் போனால் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வயிறு ஒட்டியிருந்தாலோ, வெள்ளை நூல் போல மலம் தொங்கினாலோ வேண்டாம். கடைக்காரரைக் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து தின்பதை மட்டும் வாங்குங்கள்.

உறைந்த இரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால், சிறு குருணைத் தீனி மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். ஒரே நேரத்தில் அள்ளிப் போடாமல் நாளுக்கு இரண்டு வேளை கொஞ்சமாக.

ஜோடி பொருந்திவிட்டால் தட்டைக் கல்லில் முட்டையிடும். இரண்டும் மாறி மாறிக் காவல் நின்று, துடுப்பால் விசிறும் அழகைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முதல் சில தடவை முட்டைகளைத் தாங்களே தின்றுவிடலாம். அதற்காக ஜோடியைப் பிரிக்காதீர்கள், பழகிக்கொள்ளும். சுமார் மூன்று நாளில் பொரியும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா கொடுங்கள். அதனால் முட்டையைப் பார்த்த அன்றே ஆர்ட்டீமியா முட்டை ஒரு டப்பா வாங்கி வைத்துவிடுங்கள்.