கோர்கும் மறைசாட்சிகளைக் கூத்தாகப் போடுவது எப்படி?

யூலை 9 கோர்கும் மறைசாட்சிகளின் திருநாள்: விசுவாசத்துக்காக உயிர்விட்ட 19 கத்தோலிக்கக் குருக்களும் துறவிகளும். பங்கு இளையோரை வைத்து ஒரு சின்னத் தென்மோடிக் கூத்து (ஈழத்து நாட்டுக்கூத்தில் ஒரு வகை) போடுவதென்றால், 19 பேரையும் மேடையில் ஏற்றும் ஆசையை முதலில் விடுங்கள், நாலு பேர் போதும், மிச்சப் பெயர்களைக் கட்டியகாரன் பாடட்டும்.

கதை இதுதான். 1572 யூனில், ஸ்பெயின் அரசனுக்கு எதிராகக் கிளம்பிய கல்வினிய (புரட்டஸ்தாந்து) கிளர்ச்சிக் கடற்படை நெதர்லாந்தின் கோர்கும் நகரைப் பிடித்து, குருக்களையும் துறவிகளையும் பிரீல் என்ற ஊருக்குக் கொண்டுபோனது. நற்கருணையில் கிறிஸ்து இருப்பதையும் பாப்பரசரின் தலைமையையும் மறுத்தால் விடுதலை. இந்தத் தர்க்கம்தான் கூத்தின் உயிர், ஆகவே பிரான்சிஸ்கன் மடத்தலைவர் நிக்கோலாஸ் பீக்குக்கு நல்ல குரலுள்ள பிள்ளையாகப் பார்த்து, பாட்டுகளை கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் முன்கூட்டியே கொடுங்கள். கிளர்ச்சியின் தலைவர் ஒரேஞ்சு வில்லியம் குருக்களைத் தொடவேண்டாம் என்று அனுப்பிய கடிதத்தை அந்தக் கடற்படையின் தளபதி லூமே மதிக்காத இடத்தையும் விடாதீர்கள்.

என் கணக்கில் சிறந்த பாத்திரம் அந்திரேயாஸ் வூட்டர்ஸ்: ஒழுக்கத்தில் பெயர் கெட்ட குரு, ஆனாலும் விசுவாசத்தை மறுக்கவில்லை.

மறுக்காத 19 பேரையும் தூக்கிலிட்டது ஒரு கொட்டிலில். மேடையில் கயிறு வேண்டாம், மத்தளத்தைச் சட்டென நிறுத்தினால் சனத்துக்கு விளங்கும். பிரான்சிஸ்கன் அங்கிக்கு மண்ணிறத் துணி, இடுப்பில் மூன்று முடிச்சுக் கயிறு, அவ்வளவுதான் செலவு.