சாஸ் கோப்புகளை எஸ்சிஎஸ்எஸ் வடிவுக்கு மாற்றும் முறை

வலைப்பக்கத் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸாகத் தொகுக்கப்படும் சாஸ் நடைதாள் மொழியில், உள்தள்ளலை நம்பிய பழைய எழுத்துமுறையும், 2010-இல் மூன்றாம் பதிப்போடு வந்த, அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் கொண்ட எஸ்சிஎஸ்எஸ் முறையும் உள்ளன. இவற்றுக்கிடையே மாற்றித் தருவது ரூபி சாஸ் (ரூபி மொழியில் எழுதப்பட்ட சாஸின் பழைய செயலாக்கம்) தொகுப்போடு நிறுவப்படும் ‘சாஸ்-கன்வர்ட்’ என்னும் கட்டளை.

முனையத்தில் இக்கட்டளையை அடித்து, மூலக் கோப்பின் பெயரையும் அடுத்து இலக்குக் கோப்பின் பெயரையும் தந்தால் போதும். பெயர்களின் பின்னொட்டைக் கொண்டே வடிவங்களை அது அறிந்துகொள்ளும். ஒரு கோப்புறை முழுவதையும் மாற்றுவதற்கு ‘-ஆர்’ விருப்பத்தோடு, மூல, இலக்கு வடிவங்களைச் சொல்லும் ‘--ஃப்ரம்’, ‘--டூ’ ஆகிய இரண்டையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். புதிய கோப்புகள் உருவான பின்னும் பழையவை அங்கேயே இருக்கும். ஒரே பெயரில் இரு வடிவங்களும் இருந்தால் எதை இறக்குவது என்று தொகுப்பி குழம்பிப் பிழை காட்டுமாதலால், சரிபார்த்ததும் பழையவற்றை நீக்கிவிட வேண்டும்.

சரிபார்ப்பதற்குக் கண்ணை நம்புவதைவிட, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் சிஎஸ்எஸ்ஸாகத் தொகுத்து, இரு வெளியீடுகளையும், கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் ‘டிஃப்’ கட்டளை கொண்டு ஒப்பிடுவதே உறுதியான வழி. கருத்துரைகளும் வெற்று வரிகளும் இடம் மாறக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் கையால் பார்க்க நேரிடும். சாதாரண சிஎஸ்எஸ் கோப்பையும் இக்கருவி ஏற்று, தொடர்புடைய தேர்விகளை (எந்த உறுப்புக்கு நடை பொருந்தும் என்று குறிப்பவை) ஒன்றினுள் ஒன்றாக அடுக்கித் தரும். ஆனால் அந்த அடுக்கு சில இடங்களில் வேண்டியதைவிட ஆழமாகிவிடுகிறது.

ரூபி சாஸுக்கான ஆதரவு 2019 மார்ச்சில் முடிவுற்றது. அதன் பின் சாஸின் இன்றைய செயலாக்கமான டார்ட் சாஸில் வந்த, பிற கோப்புகளை ஏற்றும் ‘@யூஸ்’ போன்ற கூறுகளைக் கையாள இக்கருவி வடிவமைக்கப்படவில்லை. ஆகவே வடிவ மாற்றத்தை முதலில் முடித்து, அதன் பிறகே ‘சாஸ்-மைக்ரேட்டர்’ என்னும் தனிக் கருவி கொண்டு அக்கூறுகளுக்கு மாறுவது நல்லது.